பதில்: செமினார் கட்டுரைக்குப் பாண்டியர் பயணம்

வணக்கம் தம்பி. இடைக்கால மன்னர்களின் பயணம் பற்றித் தேடினால் ஐரோப்பிய உதாரணங்களே வருகின்றன, நம்ம பாண்டியர்கள் மதுரையை விட்டு நகரவே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகவே நகர்ந்தார்கள்.

1216-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியனை எடுத்துக்கொள்ளுங்கள். 'பூமருவிய திருமடந்தையும்' என்று தொடங்கும் மெய்க்கீர்த்தியை (கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னன் புகழைச் சொல்லும் பகுதி) நிதானமாகப் படியுங்கள். சோழநாட்டை வென்றவன், ஆயிரத்தளியில் சோழர்கள் முடிசூடும் மண்டபத்திலேயே வீராபிஷேகம் (வெற்றியைக் கொண்டாடும் முழுக்கு) செய்துகொள்கிறான். அடுத்து தில்லைக்குப் போய்க் கூத்தப்பெருமானைக் கும்பிடுகிறான். பிறகு பொன்னமராவதியில் வந்து தங்குகிறான். நாடிழந்த சோழன் அங்கே வந்து பணிய, முடியையும் நாட்டையும் திருப்பிக் கொடுக்கிறான். 'சோணாடு வழங்கியருளிய' என்ற பட்டம் அதனால்தான். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இதோடு ஜெர்மன் மன்னன் இரண்டாம் ஹென்றியை ஒப்பிடுங்கள். 1002-இல் மைன்ஸில் முடிசூடிய பிறகு துரிஞ்சியா, சாக்சனி, லோத்தரிங்கியா என்று சுற்றி, அந்தந்தப் பிரபுக்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. அவன் கேட்டு வாங்கப் போனான்; இவன் வென்றதைக் கொடுத்துக் காட்டினான். கட்டுரையின் மையம் இதுவாகவே இருக்கட்டும். மேற்கு ஆப்பிரிக்க மாலிப் பேரரசன் மான்சா மூசாவின் 1324 ஹஜ் பயணத்துக்கு ஒரு பத்தி போதும்.

இன்னொன்று: அரசாணைக் கல்வெட்டுகளில் மன்னன் எங்கே எழுந்தருளியிருந்து ஆணையிட்டான் என்றும் வரும். 'மாடக்குளக்கீழ் மதுரை' என்றால் நம்ம மாடக்குளம் கண்மாய்ப் பக்கம்தான். வேறு ஊர்ப் பெயர் வருபவற்றைத் தனியே குறித்து, ஒரு வரைபடத்தில் புள்ளி வையுங்கள்.