டூயத்லானும் பெண்களும்: ஒரு தந்தைக்குப் பதில்

கேள்வி: கோவையைச் சுற்றி ஓட்டமும் சைக்கிளும் சேர்ந்த டூயத்லான் பந்தயங்கள் நடக்கின்றன. அண்மையில் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். ஆண்கள் கூட்டங்கூட்டமாக வந்திருந்தார்கள். பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வந்த சிலரும் ஆண்களுக்கு வெகுநேரம் கழித்தே முடித்தார்கள். ஆனால் பரிசுத் தொகை மட்டும் இரு தரப்புக்கும் சமம். இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல என்பதைத்தானே இது காட்டுகிறது? கல்லூரியில் படிக்கும் என் மகளும் கலந்துகொள்ள வேண்டும் என்கிறாள். தோற்பதற்கு என்றே ஒரு பந்தயத்துக்கு அனுப்ப வேண்டுமா?
— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: நீங்கள் கண்ணால் கண்டது பொய்யில்லை, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்பது ஒரு கேள்வி, வந்தவர்கள் எவ்வளவு வேகமாக முடிக்கிறார்கள் என்பது வேறொரு கேள்வி. வேகம் குறைவு, அதனால்தான் வருவதில்லை என்று இரண்டையும் நீங்கள் முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். உண்மையில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது: வருபவர்கள் குறைவாக இருப்பதாலேயே வேகத்தின் இடைவெளி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் உடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதை மறைப்பதில் எவருக்கும் நன்மையில்லை. ஆணின் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் பெண்ணின் ரத்தத்தில் இருப்பதைவிடச் சராசரியாகப் பத்து விழுக்காட்டுக்கு மேல் அதிகம்; இதயம் பெரிது, தசை அதிகம், கொழுப்பு குறைவு. நன்கு பயின்ற முன்னணி வீரர்களை ஒப்பிட்டால் இவை எல்லாம் சேர்ந்து நீண்டதூர ஓட்டத்தில் ஏறத்தாழப் பத்து விழுக்காட்டு வேறுபாடாக வெளிப்படுகின்றன. 2023ஆம் ஆண்டில் ஆண்களில் கென்யாவின் கெல்வின் கிப்டம் சிகாகோ மாரத்தானை 2 மணி 0 நிமிடம் 35 நொடியில் ஓடினார். அதே ஆண்டு பெர்லினில் பெண்களில் எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 நொடியில் ஓடினார். வேறுபாடு ஒன்பது விழுக்காட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நீச்சல் சேர்ந்த டிரையத்லானில், உடற்கொழுப்பு நீரில் மிதக்க உதவுவதால், பெண்களுக்கு அந்தப் பகுதியில் ஓரளவு ஈடு கிடைக்கிறது. டூயத்லானில் அதுவும் இல்லை. ஓட்டம், சைக்கிள், மறுபடியும் ஓட்டம் என்று தன் எடையைத் தானே சுமக்கும் வேலை இருமுறை வருகிறது. ஆகவே ஒரு பெண் தன்னளவு பயின்ற ஆணுக்குப் பின்னால் வருவதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பின்தங்கலுக்கு ஓர் அளவு உண்டு. நீங்கள் எழுதிய ‘வெகுநேரம்’ அந்த அளவுக்குள் அடங்குவதில்லை.

மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 150 ஆண்களும் 10 பெண்களும் ஓடும் ஒரு பந்தயத்தை எண்ணிப் பாருங்கள். ஆண்களில் முதலாவதாக வருபவர் 150 பேரில் தேர்ந்தவர். பெண்களில் முதலாவதாக வருபவர் 10 பேரில் தேர்ந்தவர். நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் ஆண்களையும் பத்துப் பத்துப் பேராகக் குலுக்கிப் பிரித்து, அந்தப் பதினைந்து குழுக்களின் முதல்வர்கள் சராசரியாக எடுத்துக்கொண்ட நேரத்தோடு அந்தப் பெண்ணின் நேரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இடைவெளி சட்டென்று சுருங்கும். இருபாலரின் சராசரியை மட்டும் ஒப்பிடுவதும் சரியாகாது. எல்லாத் தடையையும் தாண்டி வந்து நிற்கும் சில பெண்கள் பெரும்பாலும் தீவிரமாகப் பயில்பவர்கள், ஆண்களிலோ நண்பன் அழைத்தான் என்று வந்தவர்களும் பலர் இருப்பார்கள்.

சைக்கிள் பகுதியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பொள்ளாச்சி–உடுமலைச் சாலையில் ஆடி மாதம் சைக்கிள் மிதித்தவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மியை நகர்த்தும் காற்று அது. சமதரையில் எதிர்க்காற்றில் உடல் சிறுத்தவருக்குத் திறன் குறையும் அளவுக்குக் காற்றின் எதிர்ப்பு குறைவதில்லை. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வால்பாறைக்கு ஏறும்போதுதான் எடை குறைந்தவருக்கு அதன் பலன் கிடைக்கும். எதிர்க்காற்றுக்கு மருந்து, இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டி, அவர் மறைவில் செல்வது. டூயத்லானுக்கும் விதி வகுக்கும் உலக டிரையத்லான் அமைப்பின் உயர்நிலைப் போட்டிகளில் இது அனுமதிக்கப்படுகிறது, ஆனால் பெண் ஆணின் மறைவில் செல்லக் கூடாது என்பது விதி. இருபது பெண்கள் இருந்தால் ஒரு கூட்டம் உருவாகும், மாறி மாறி முன்னால் வந்து காற்றைப் பங்கிட்டுக்கொள்வார்கள். மூன்றே பெண்கள் இருந்தால், ஒருவருக்கொருவர் பல நிமிட இடைவெளியில், ஒவ்வொருத்தியும் தனியே காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். மறைவில் செல்வது தடைசெய்யப்பட்ட நம்மூர்ப் பந்தயங்களிலும், தன் வேகத்துக்கு ஈடான இன்னொரு பெண் கண்ணெதிரே இல்லாதவள் துரத்திப் பிடிக்க யாருமின்றி ஓட்டுகிறாள். ஆள் குறைந்தால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததைக் காட்டி நீங்கள் ஆள் குறைவுக்கு நியாயம் கற்பிக்கிறீர்கள்.

வரலாறும் இதையே சொல்கிறது. ஒலிம்பிக்கில் ஆண்கள் மாரத்தான் 1896இல் தொடங்கியது. பெண்களுக்கு அந்த வாய்ப்பு 1984இல்தான், லாஸ் ஏஞ்சலீஸில், கிடைத்தது. இடைப்பட்ட 88 ஆண்டுகளில் பெரும்பாலும் பெண்ணுடல் தாங்காது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த முதல் மாரத்தானை ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் வென்றார். 1948 வரை நடந்த எந்த ஒலிம்பிக்கிலும் ஆண்கள் மாரத்தானை வென்றவர் அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. காலணியும் பயிற்சியும் மாறிவிட்டன என்பீர்கள்; ஆம், பயிற்சிதான் மாறியது, பெண்ணின் இதயமும் நுரையீரலும் மாறவில்லை. டூயத்லானுக்கு வந்தால், 1989இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஸோஃபிங்கன் போட்டி பல ஆண்டுகள் 10 கி.மீ. ஓட்டம், 150 கி.மீ. சைக்கிள், பிறகு 30 கி.மீ. ஓட்டம் என்று நடந்தது. அதை வென்றவர்களில் ஒருவரான நடாஷா பாட்மான் பதின்ம வயதிலேயே தாயானவர்; உடல் எடையைக் குறைக்கத்தான் விளையாட்டுக்கே வந்தார். பின்னர் ஹவாய் அயர்ன்மேன் என்ற நெடுந்தூர டிரையத்லான் பட்டத்தை ஆறு முறை வென்றார், ஆறாவது முறை அவருக்கு வயது 38.

இனி, பெண்கள் ஏன் வருவதில்லை என்ற கேள்வி. சைக்கிள் நம் பெண்களுக்குப் புதிதன்று. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கும், 2005-06 முதல் மற்ற மாணவ மாணவியருக்கும் தமிழக அரசு விலையில்லாச் சைக்கிள் கொடுத்துவருகிறது. கோபியிலும் தாராபுரத்திலும் காங்கயத்திலும் ஐந்து, ஆறு கிலோமீட்டர் எதிர்க்காற்றில் மிதித்துப் பள்ளிக்குப் போன பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்! பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அந்தச் சைக்கிள் திண்ணையோரம் சாய்கிறது; அடுத்த வருடம் தம்பி எடுத்துக்கொள்கிறான். பெண் கல்லூரிப் பேருந்திலோ பனியன் கம்பெனி வேனிலோ ஏறிவிடுகிறாள். டூயத்லானுக்குப் பயிற்சி என்பது விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்குச் சாலையில் இறங்குவது. வெயிலும் லாரியும் வருமுன் முடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் மகன் கிளம்பினால் “பார்த்துப் போ சாமி” என்கிறோம். மகள் கிளம்பினால் “இருட்டோட ரோட்டுல உனக்கு என்ன அம்மணி வேலை?” என்கிறோம். திருமணமானவளுக்கு அந்த ஐந்து மணி அடுப்படிக்கு உரியது. ஒரு வீட்டில் ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கும் அளவுக்குப் பணம் சேர்ந்தால் அது யார் உயரத்துக்கு வாங்கப்படுகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். இவற்றில் இயற்கை விதித்தது எது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, 53 விழுக்காட்டினருக்கு, ரத்தசோகை. இயல்பிலேயே ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைவாக ஹீமோகுளோபின் பெற்றவளிடமிருந்து, கடைசியாகச் சாப்பிடும் பழக்கத்தால் நாம் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறோம். பிறகு மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறாளே என்கிறோம்.

பரிசுத் தொகையைப் பொறுத்தவரை, உலக டிரையத்லான் அமைப்பு 1989இல் தொடங்கியபோதே இருபாலருக்கும் சமப் பரிசு என்று வைத்தது. கோவையில் நடத்துபவர்களும் அதையே பின்பற்றினால் அது நல்ல பழக்கம். அதே தூரத்தை, அதே சாலையில், தன் பிரிவில் உள்ள அனைவரையும் வென்று முடித்தவளுக்கு அது உரிய கூலி. ஆண்களின் இரண்டாமிடத்துக்காரருக்கு அதனால் ஒரு ரூபாயும் குறைவதில்லை. அமைப்பாளர்களிடம் கேட்பதாயிருந்தால் வேறு சிலவற்றைக் கேளுங்கள். ஆண்களின் ஓட்டத்தை மனத்தில் வைத்து முடிவு நேரத்தை வகுத்துவிட்டு, பின்னால் வருபவர்களைப் பாதி வழியில் வண்டியில் ஏற்றுகிறார்களா? தொடங்கும் இடத்தில் உடை மாற்றவும் கழிப்பறைக்கும் பெண்களுக்கு ஓர் அறை இருக்கிறதா? பாதை வீட்டார் நின்று பார்க்கும்படி சுற்றிச் சுற்றி வருகிறதா, ஆளில்லாப் புறவழிச் சாலையில் நேராக நீள்கிறதா? இவற்றைச் சரிசெய்த பந்தயத்தில் பெண்களின் எண்ணிக்கை உயர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

உங்கள் மகளை அனுப்புங்கள். முதலில் ஹீமோகுளோபின் பரிசோதித்து, குறைவாயிருந்தால் மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். பத்து, நாற்பது, ஐந்து கிலோமீட்டர் என்ற முழுத் தூரத்துக்கு இப்போதே போக வேண்டாம்; 5 கி.மீ. ஓட்டம், 20 கி.மீ. சைக்கிள், 2.5 கி.மீ. ஓட்டம் கொண்ட குறும்பந்தயத்தில் தொடங்கட்டும். வீட்டிலுள்ள சைக்கிளே போதும், இருக்கையின் உயரத்தை அவள் காலுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும் முதல் கிலோமீட்டரில் தொடை மரக்கட்டையாக இருக்கும். அதற்கென்றே வாரம் ஒருமுறை மிதித்து முடித்த கையோடு பத்து நிமிடம் ஓடிப் பழக வேண்டும். சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்குமுன்பே தலைக்கவசத்தின் பட்டையை மாட்டியிருக்க வேண்டும், ஏறுவதற்கென்று வரைந்த கோட்டைத் தாண்டிய பிறகே சைக்கிளில் ஏற வேண்டும் என்ற விதிகளை வீட்டு வாசலிலேயே பழகலாம். விடியலில் அவள் தனியாகச் சாலைக்குப் போவது உங்களுக்கு அச்சமாக இருந்தால், அந்த அச்சம் நியாயமானதே. அவளை நிறுத்தாதீர்கள், முதல் சில மாதங்கள் நீங்கள் உங்கள் வண்டியில் பின்னால் போங்கள், அதற்குள் அவளோடு மிதிக்க இன்னும் இரண்டு மூன்று பெண்களைக் கோபியிலேயே தேடிப் பிடியுங்கள்.