‘ஏகலைவன் என்ன தப்பு செய்தான்?’

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். ஆசிரியரிடம் பணிவாக நடக்க வேண்டும் என்பதைப் புரியவைக்க, என் மாமியார் அவனுக்கு ஏகலைவன் கதையைச் சொன்னார். குரு கேட்டதும் கட்டைவிரலை அறுத்துக் கொடுத்த இடத்தில் நிறுத்தி, “குருபக்தி என்றால் இதுதான்” என்றார். அவனோ, “ஆயா, அவன் என்ன தப்பு செஞ்சான்? எதுக்கு விரலைக் கேட்டாரு?” என்றான். “பெரியவங்க கேட்டா கொடுக்கணும், எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது” என்று மாமியார் அதட்டிவிட்டார். அன்றிலிருந்து கதை என்றாலே எழுந்து போய்விடுகிறான். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: சகோதரி, உங்கள் மகன் கதையை மனம் வைத்துக் கேட்டிருக்கிறான். விரலை இழந்த ஒரு பிள்ளைக்காக அவன் நெஞ்சு பதைத்திருக்கிறது. கதை சொல்லி நாம் வளர்க்க விரும்பும் பண்புகளில் இதைவிடப் பெரியது வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே, அந்தக் கேள்விக்கு அவனுக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.

பதில் வியாசரிடமே இருக்கிறது. ஆதிபர்வத்தில் வரும் ஏகலைவன், வேடர் தலைவன் இரணியதனுசுவின் மகன். வேடர் குலத்தவன் என்பதால் துரோணர் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவன் காட்டுக்குத் திரும்பி, மண்ணால் அவருடைய உருவத்தைச் செய்து வைத்துத் தானாகவே வில் பழகினான். குரைத்த நாயின் வாயை ஏழு அம்புகளால் அடைத்த அவனுடைய திறமையைக் கண்ட பிறகு, அர்ச்சுனன் தனியே துரோணரிடம் போய், தன்னைவிடச் சிறந்த மாணவன் இருக்க மாட்டான் என்று அவர் கொடுத்த வாக்கை நினைவூட்டினான். அதற்குப் பிறகே தட்சிணை கேட்கப்பட்டது. விரல் போனபின் ஏகலைவனுடைய அம்புகளுக்குப் பழைய வேகம் இல்லை என்றும், அர்ச்சுனனின் மனக்காய்ச்சல் தணிந்தது என்றும் பாரதம் அடுத்தடுத்துச் சொல்கிறது. அர்ச்சுனனின் பொறாமையை வியாசர் மூடி மறைக்கவில்லை. பாதிக் கதையோடு நிறுத்தி அதை மறைப்பவர்கள் நாம்தான். எனவே அவனிடம், “ஏகலைவன் ஒரு தப்பும் செய்யவில்லை, கண்ணா” என்று சொல்லிவிட்டு, விட்டுப்போன பகுதியையும் சொல்லுங்கள். துரோணர் வேறு என்ன செய்திருக்கலாம் என்று அவனையே கேளுங்கள். அவன் சொல்வதைத் திருத்த வேண்டாம்.

ஆசிரியரிடம் பணிவு என்பதற்கு அதே பாரதத்தில் இன்னும் பொருத்தமான ஓர் இடம் உண்டு. பீஷ்மபர்வத்தில், இரு படைகளும் எதிரெதிரே நிற்கும்போது, தருமன் கவசத்தைக் கழற்றி வைத்து, ஆயுதமின்றித் தேரிலிருந்து இறங்கி, பகைவர் அணிக்குள் நடந்து போகிறான். சரணடையப் போகிறானோ என்று தம்பியர் பதறுகிறார்கள். அவன் போவது பீஷ்மரையும் துரோணரையும் வணங்கி, அவர்களோடு போரிடுவதற்கு அவர்களிடமே அனுமதி கேட்க. ஆசிரியரின் பக்கம் நியாயம் இல்லை என்று அறிந்தும் அவருடைய காலைத் தொடலாம், காலைத் தொட்ட பிறகும் தன் நியாயத்தில் நிற்கலாம் என்பதை எட்டு வயதுப் பிள்ளை இந்தக் காட்சியிலிருந்து எளிதாகப் பிடித்துக்கொள்வான்.

மாமியாரைப் பிள்ளையின் முன்னால் குறை சொல்லாதீர்கள். தாம் கேட்டு வளர்ந்தபடியே அவரும் சொன்னார். தன்னையே தோற்றுவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று பாஞ்சாலி சபையைக் கேட்டதையும், பெரியவர்கள் பலர் வாயடைத்திருக்க, கௌரவரில் இளையவனான விகர்ணன் எழுந்து அவளுக்காகப் பேசியதையும் சொல்லும்படி அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேரனின் கேள்வியை அவரே வேறு விதமாகப் பார்ப்பார்.

இன்னொன்று. திருவொற்றியூர் உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. கம்பர் இரவில் இராமாயணம் எழுதுவதற்கு அங்குள்ள வட்டப்பாறை அம்மனே பந்தம் பிடித்தாள் என்பது நம் பக்கத்து வழக்கு. ஒரு மாலையில் பிள்ளையை அந்தச் சன்னிதிக்கு அழைத்துப் போய், மறைந்து நின்று ஏன் அம்பு விட்டாய் என்று வாலி இராமனைக் கேட்கும் கட்டத்தைச் சொல்லுங்கள். அடிபட்டு வீழ்ந்தவன் வாய்திறந்து கேட்பதற்குக் கம்பர் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்! அவ்வளவு இடத்தை நம் வீட்டுப் பிள்ளைக்கு நாம் கொடுக்கக் கூடாதா?

கேள்வி: ஆறு வயது மகள் சின்னச் சின்னப் பொய்கள் சொல்கிறாள். பொய் சொன்னவருக்குத் தண்டனை கிடைத்த இதிகாசக் கதை ஏதாவது சொல்லலாமா?
– ஒரு தந்தை, வியாசர்பாடி

பதில்: தண்டனைக் கதை வேண்டாம். பயந்த பிள்ளை பொய்யை விடுவதில்லை, அகப்படாமல் சொல்லப் பழகுகிறது. தருமனின் தேரைச் சொல்லுங்கள். உண்மை பேசுபவன் என்பதால் அவனுடைய தேர் தரையிலிருந்து நான்கு விரற்கடை மேலேயே ஓடியது. போரில் துரோணரிடம், அவருடைய மகன் பெயரான அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லி, இறந்தது அந்தப் பெயருள்ள யானை என்பதை மட்டும் மெல்லச் சொன்ன அந்தக் கணத்தில் அது மண்ணைத் தொட்டது. வகுப்பில் நான் ஒரு தீப்பெட்டியை மேசைக்கு மேலே பிடித்து, அடியில் நான்கு விரல்களை அடுக்கிக் காட்டுவேன். விரல்களை உருவியதும் தீப்பெட்டி ‘டக்’ என்று மேசையில் உட்காரும். அந்த ஓசைக்குப் பிறகு வகுப்பில் சிறிது நேரம் பேச்சே இருக்காது.

ஒன்றை மட்டும் என்னைப் போலச் செய்யாதீர்கள். அப்படிச் சொல்லத் தூண்டியவன் கண்ணன் என்பதைப் பல ஆண்டுகள் நான் விட்டுவிட்டே சொல்லி வந்தேன். ஒரு மாணவி வீட்டில் தாத்தாவிடம் முழுக்கதையையும் கேட்டுவிட்டு வந்து, “நீங்க ஏன் அதை மெதுவாக்கூடச் சொல்லல?” என்று கேட்டாள். அன்று என்னால் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இப்போது கண்ணனையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் இருப்பது ஒண்டுக்குடித்தனம். இரவில் என் பேரப்பிள்ளைகளுக்கு இராமாயணம் சொன்னால், பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவப் பிள்ளைகளும் வந்து உட்காருகிறார்கள். சொல்வது சரியா?
– ஒரு பாட்டி, காசிமேடு

பதில்: அவர்களுடைய பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அம்மா. கதை முடிந்ததும் யாரையும் கும்பிடச் சொல்ல வேண்டாம். அவர்கள் ஆலயத்தில் கேட்ட கதையை மறுநாள் அவர்கள் சொல்லட்டும், உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். உங்கள் பகுதியில் குகனிலிருந்து தொடங்குவதே நல்லது. கங்கையில் படகோட்டும் அவன் தேனும் மீனும் கொண்டுவந்து வைக்க, அருகில் இருந்த முதிய முனிவர்களைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, அன்போடு கொண்டுவந்ததால் இவை அமிழ்தினும் உயர்ந்தவை, நாங்களும் உண்டவர்கள் ஆனோம் என்று கம்பரின் இராமன் சொல்கிறான். இதை ஒருமுறை துறைமுகத்தை ஒட்டிய பள்ளி ஒன்றில் சொன்னபோது, மீன் வலைப் பின்னும் வீட்டுப் பிள்ளை ஒருவன், “என்ன மீன் டீச்சர், வஞ்சிரமா?” என்று கேட்டான். கங்கை ஆறு, ஆகவே ஆற்று மீனாக இருந்திருக்கும் என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, “எங்க ஊருக்கு வந்திருந்தா வஞ்சிரம் கொடுத்திருப்போம்” என்றான்.