உப்புக்காற்றில் துணி சேர்ப்பவர்களுக்கு: தையல் கேள்வி பதில்

கேள்வி: தைப்பதற்காக வாங்கிய காட்டன் துணிகளை ஒரு வருடமாக இரும்பு பீரோவில் சேர்த்து வைத்திருக்கிறேன். மடிப்பில் கறுப்புப் புள்ளி, ஓரத்தில் பழுப்புக் கோடு. அந்துருண்டை போட்டும் ஏன் இப்படி?
- வாசகி, கீழக்கரை

பதில்: கறுப்புப் புள்ளி பூஞ்சை; பழுப்புக் கோடு பீரோவின் துரு. அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது.

பூஞ்சைக்கு வேண்டிய ஈரத்தைத் துணிக்குள் கொண்டுவருவது உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கசியும்; அடுக்களை உப்பு ஜாடியில் தினமும் பார்ப்பதுதான். உப்புத் தண்ணீரில் அலசி, மொட்டைமாடியில் கடல்காற்று படக் காயவைத்த துணி, தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள்ளேயே நமுத்துவிடும். கடைக்கஞ்சியும் போகாமல் இருந்தால் பூஞ்சைக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அதுவே தீனி.

ஆகவே வாங்கிய வாரமே ஒரு மணி நேரம் ஊறவைத்து, கஞ்சி போக இரண்டு முறை அலசுங்கள். சுங்குடியும் அடர்நிறங்களும் தனித்தனி வாளியில். கடைசி அலசல் கட்டாயம் நல்ல தண்ணீரில்தான். குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊர்களில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வாளிதான் துணியைக் காப்பாற்றும். கடலுக்கு மறைவான பக்கம் காயவைத்து, வெயில் தாழுமுன் எடுத்துவிடுங்கள். இஸ்திரி போட்ட சூட்டோடு மடிக்காதீர்கள். ஆவி உள்ளேயே அடைந்துவிடும்.

பீரோத் தட்டில் பழைய வேட்டியை இரண்டாக மடித்து விரியுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், தலையணை உறை போதும். குண்டூசி குத்தினால் அதுவும் துருப்பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள்.

வந்துவிட்ட துருவுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து அரைமணி வெயிலில் வைத்து அலசலாம். சாயத் துணியென்றால் முதலில் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். துருவின் மேல் பிளீச்சிங் பட்டால் கறை இன்னும் அழுத்தமாகிவிடும். பூஞ்சைத் துணியை வெளியே வெயிலில் உலர்த்தி, பிரஷால் தட்டிவிட்டுத் துவையுங்கள். நாள்பட்ட புள்ளி முழுதாகப் போகாது. அந்த இடத்தை உள்பட்டிக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நைட்டிக்கு 3 மீட்டர் எடுத்தேன். அலசிய பிறகு உயரம் போதவில்லை.
- வாசகி, தொண்டி

பதில்: 36 இன்ச் பன்னாவில் (துணியின் அகலம்) 54 இன்ச் உயர நைட்டிக்குத் தோளுக்கும் கீழ்மடிப்புக்கும் சேர்த்து 56 இன்ச் வேண்டும். முன், பின் இரண்டுக்கும் 112 இன்ச், ஏறக்குறைய 2.85 மீட்டர். காட்டன் 5 சதவீதம் சுருங்கினால் உங்கள் 3 மீட்டர் அதே 2.85 ஆகிவிடும். கடையில் கோணலாகக் கிழித்திருந்தால், நூல் பார்த்து நேராக்குவதில் இன்னும் இரண்டு இன்ச் போகும். 3.25 மீட்டராக எடுங்கள். அலசிய பின் அளந்த நீளத்தையும் பன்னாவையும் பென்சிலால் சீட்டில் எழுதித் துணியோடு நூலால் கட்டிவையுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறித் துணியில் இறங்கும்.

கேள்வி: கட்பீஸ் கடையில் காட்டன் என்று தருவதை எப்படி நம்புவது?
- வாசகி, மண்டபம்

பதில்: ஓரத்தில் நாலு நூல் உருவிக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரிந்த வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலுக்குள் மணி நெருடும். ரேயான் மட்டும் காட்டனைப் போலவே எரிந்து ஏமாற்றும். அதற்கு நூலை நனைத்து இழுங்கள். ஈரத்தில் ரேயான் சட்டென்று அறும், காட்டன் முன்னைவிட உறுதியாக நிற்கும்.