கினி பிக் ஒன்றுக்குப் போகும்போது கத்துகிறது, கூண்டில் வெள்ளைக் கறை வேறு இருக்கிறது. கோத்தகிரியில் இருக்கிறோம். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

காட்ட வேண்டும், அதுவும் இன்றைக்கே. வெள்ளைக் கறைக்காக அல்ல, கத்துவதற்காக.

நாங்கள் குன்னூரில் கினி பிக் வளர்க்கிறோம். எங்களிடமுள்ள ஒரு பெண் கினி பிக்குக்கு இதே மாதிரி வந்து, சிகிச்சை எடுத்துத் தேறியது. கினி பிக் தின்பதிலுள்ள கால்சியத்தைத் தாராளமாக உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றும். அதனால் சிறுநீர் கலங்கலாக இருப்பதும், காய்ந்தால் வெள்ளையாகப் படிவதும் இயல்பு. அந்தப் படிவைத் தொட்டுப் பாருங்கள். மாவு போல இருந்தால் பயமில்லை, மணல் போல நறநறத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சிவப்பாகப் போனால் முதலில் பீட்ரூட் கொடுத்தோமா என்று யோசியுங்கள். நம் ஊரில் அது மலிவு, எல்லோரும் போடுகிறோம். நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். ஆனால் சிவப்போடு கத்தலும் இருந்தால் காத்திருக்காதீர்கள். பெண்ணாக இருந்தால் இரத்தம் கர்ப்பப்பையிலிருந்தும் வரலாம், அதையும் டாக்டர்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்வது, அடிக்கடி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போவது, பின்பக்கம் எப்போதும் ஈரமாக நாறுவது, புல்லைத் தொடாமல் இருப்பது எல்லாம் வலியின் அடையாளங்கள். முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால், முக்கியமாக ஆணுக்கு, சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருக்கலாம். அது உயிர்ப் பிரச்சினை, விடியட்டும் என்று இருக்கக் கூடாது. பெண்ணுக்குக் குழாய் குட்டை, மலத்துவாரமும் பக்கத்திலேயே இருப்பதால் கிருமித் தொற்று சுலபமாக வரும்.

இனி சொல்வதுதான் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின், மெடிக்கலில் சொல்லி வாங்கிய மருந்து எதையும் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் கினி பிக்கின் குடலிலுள்ள நல்ல கிருமிகள் செத்து, கெட்ட கிருமி பெருகி, அதன் விஷத்திலேயே உயிர் போய்விடலாம். மலையில் நமக்குக் கிடைக்கும் டாக்டர்கள் பெரும்பாலும் மாடும் நாயும் பார்க்கிறவர்கள். சீட்டு எழுதும்போது "சார், இது கினி பிக், பென்சிலின் வகை இல்லையே?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா, என்ரோஃப்ளாக்சசின் போன்றவை இதற்கு ஒத்துக்கொள்ளும். எது, எவ்வளவு என்பதை எடை பார்த்து அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இவற்றின் கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால் படத்தில் தெரியும். சிறுநீர்ப்பையில் பெரிய கல் என்றால் அறுவை சிகிச்சைதான். எந்தக் கஷாயமும் அதைக் கரைக்காது.

கோயம்புத்தூருக்குப் போகிறீர்கள் என்றால் அதிகாலையில் இறங்குங்கள். மலைக்குளிரில் பழகியது, மேட்டுப்பாளையம் தாண்டியதும் வெயிலில் துவண்டுபோகும். பெட்டியில் டவல், கொஞ்சம் புல், ஒரு துண்டு வெள்ளரிக்காய் வையுங்கள். வழியில் எதுவும் தின்றதா, புழுக்கை போட்டதா என்று பாருங்கள், டாக்டர் கட்டாயம் கேட்பார்.

திரும்பி வந்தபின் சாப்பாட்டை மாற்றுங்கள். காய்ந்த புல்தான் முக்கிய உணவு, வைக்கோல் அதற்கு ஈடாகாது. குதிரை மசால் என்கிற தீவனப் பயிரில் கால்சியம் அதிகம், வளர்ந்த கினி பிக்குக்கு வேண்டாம். பசலை, பாலக் கீரையைக் குறையுங்கள். வைட்டமின் சி-யைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ள அதற்கு முடியாது, தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. ஒரு துண்டு குடைமிளகாய் போதும். தோட்டத்துப் பக்கம் புல் அறுத்தால் மருந்து அடிக்காத இடமாகப் பாருங்கள். அப்புறம், வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். வலியை இவை நன்றாக மறைக்கும், கத்துவதற்கு முன்பே எடை இறங்கத் தொடங்கியிருக்கும்.