எஞ்சின் ஆற்றலைக் கூட்டினால் ஸ்போர்ட்ஸ் காரின் கையாளும் தன்மை கெடுமா?

எஞ்சினை மட்டும் தொட்டுவிட்டு மற்றதை அப்படியே விட்டால் கெடும். இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பேசாமல் போக மனம் வரவில்லை. இதே ஆசையில் ஓர் அருமையான காரை நான் பாழாக்கி, மீட்டெடுக்க இரண்டு ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறேன்.

உங்களுடையது எடை குறைந்த, பின்சக்கர இயக்கக் கார் என்று வைத்துக்கொள்கிறேன். வளைவுகளில் உங்களைத் தொட முடியாதவர்கள் நேர்ப்பாதை வந்ததும் முந்திக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த எரிச்சலில்தான் கேட்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது.

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. வளைவின் உட்புள்ளியைத் தாண்டியதும் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துவிடலாம். உலர்ந்த தரையில் பின்டயர்கள் முனகக்கூட மாட்டா. அதில் டர்போ பொருத்தினேன்; வெளியேறும் புகையின் விசையால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி அது. 180 குதிரைத்திறன் வந்தது. டயர், டிஃபரன்ஷியல் (எஞ்சினின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி), பிரேக் எல்லாம் பழையவையே.

பந்தயத் தடத்தில் மூன்றாவது சுற்று. இரண்டாவது கியரில் எடுக்கும் வலப்பக்க வளைவு. ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்து அப்படியே பிடித்திருந்தேன். பாதம் அணுவளவும் அசையவில்லை. ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுழற்சியைக் கடந்ததும் டர்போ விழித்துக்கொண்டது. நான் கேட்காத உந்துதல் முதுகில் வந்து அழுத்தியது. பின்பக்கம் வெளியே நழுவியது. பயந்துபோய்க் காலைச் சட்டென்று எடுத்தேன். எடை முன்சக்கரங்களுக்குப் பாய்ந்தது, பின்டயர்கள் இன்னும் லேசாயின, கார் சுழன்று பின்புறமாகச் சரளைக்குள் போய் நின்றது. எஞ்சின் அணைந்த பிறகும் சக்கரக் கூட்டுக்குள்ளிருந்து கற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன.

‘ஓட்டத் தெரியாதவன் காரைக் குறை சொல்கிறான்’ என்று யாரேனும் கீழே எழுதக்கூடும். காலை எடுத்தது என் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே வளைவில் அதே காலால் பழைய எஞ்சினோடு பல நூறு முறை போய்வந்தவன் நான். பழைய எஞ்சின் மன்னித்த பிழையைப் புதிய ஆற்றல் மன்னிக்கவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்கான விடை.

ஒரு டயரிடம் இருக்கும் பிடிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது. வளைவில் காரைப் பக்கவாட்டில் தாங்கிக்கொண்டிருக்கும் டயரிடம் ‘முன்னோக்கியும் தள்ளு’ என்றால், தாங்குவதில் குறைத்துக்கொண்டுதான் தள்ளும். எனவே வளைவுக்குள் எவ்வளவு வேகம் தாங்கும் என்பதை எஞ்சின் தீர்மானிப்பதில்லை. டயரும் சஸ்பென்ஷனும் எடையும் தீர்மானிக்கின்றன. டர்போவுக்குப் பிறகும் அந்த வளைவில் என் வேகம் கூடவில்லை. அதை விட்டு வெளியேறும்போது முழுக்க மிதிக்க முன்னைவிட நெடுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு டர்போவும் குளிர்விப்பானும் குழாய்களும் முன்பக்கத்தில் எடையைக் கூட்ட, வளைவில் நுழையும்போது மூக்கு சோம்பல்பட்டது.

பிரேக்கை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நேர்ப்பாதையின் முடிவில் முன்பு மணிக்கு 150 கி.மீ. தொடுவேன்; பிறகு 165. வேகம் 10 சதவீதம் கூடினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடுகிறது. அடுத்த முறை போனபோது ஐந்தாம் சுற்றில் பிரேக் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தது, திரவம் கொதித்துவிட்டது.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியும். போர்ஷே 911 டர்போ 1975-இல் 260 குதிரைத்திறனோடு வந்தது. வளைவின் நடுவே தாமதமாக வரும் உந்துதலாலும், பின்னால் தொங்கும் எஞ்சின் எடையாலும், காலை எடுத்தவர்களைச் சுழற்றி எறிவதில் பேர்பெற்ற கார் அது. 1978-இல் ஆற்றலை 300 ஆக்கியபோது 917 பந்தயக் காரின் வழிவந்த பிரேக்குகளையும் சேர்த்தே கொடுத்தார்கள். டொயோட்டா ஜிடி86-க்கு ஆற்றல் போதவில்லை என்று பல ஆண்டுகள் குறைப்பட்டார்கள். அதன் அடுத்த தலைமுறையாக 2021-இல் வந்த ஜிஆர்86-இல் எஞ்சினை 2.4 லிட்டராக்கியதோடு, உடற்கூட்டின் முறுக்கு விறைப்பையும் ஏறத்தாழ 50 சதவீதம் உயர்த்தினார்கள்.

மின்னணு இழுவைக் கட்டுப்பாடு பார்த்துக்கொள்ளும் என்பார்கள். அது ஆற்றலைக் குறைக்கும், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். இல்லாத பிடிப்பை உண்டாக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டர்போ பொருத்தியவரிடம், எரிபொருளையும் பூஸ்ட் அழுத்தத்தையும் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) எந்தச் சுழற்சியில் எவ்வளவு வைத்தீர்கள் என்று எழுதிக் கேட்டேன். ‘அது தொழில் ரகசியம்’ என்றார். பணம் என்னுடையது, கார் என்னுடையது, உயிரும் என்னுடையது. என் எஞ்சினுக்குள் என்ன செய்தார் என்பதை நான் அறியக் கூடாதாம். இன்றுவரை ஆறவில்லை. எழுதித் தராதவரிடம் காரை விடாதீர்கள்.

ஆற்றலுக்கு நான் எதிரியல்லன். டர்போவைக் கழற்றவும் இல்லை. முதலில் நல்ல டயர், அடுத்து உயர் வெப்பம் தாங்கும் பிரேக் திரவமும் பட்டைகளும், பிறகு சக்கரக் கோணங்கள், ஒரு பின்சக்கரம் வழுக்கினால் பிடிப்புள்ள மற்றதற்குக் கூடுதல் முறுக்குவிசையைச் செலுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். கடைசியில் வேறொருவரிடம் கொடுத்து, பூஸ்ட் படிப்படியாக ஏறும்படி மாற்றினேன்; உச்சத்தில் பத்துக் குதிரைத்திறன் குறைந்தது. அந்த வலப்பக்க வளைவை இப்போது மூன்றாவது கியரில் எடுக்கிறேன். உட்புள்ளி தாண்டி, ஸ்டியரிங்கை நேராக்க நேராக்க, அதே அளவுக்குக் காலை அழுத்துகிறேன். பின்டயர்கள் மெல்ல முனகுகின்றன, பிடியை விடுவதில்லை.

உங்கள் கார் எது, டயர் எது, பின்னால் என்ன டிஃபரன்ஷியல் என்று எழுதுங்கள். எதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.