கோத்தகிரியிலிருந்து எழுதிய தாயாருக்கு

அன்புள்ள அம்மா, வணக்கம்.

இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவீட்டுக் கருவியியல்) மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், தேயிலைத் தொழிற்சாலை எடைமேடைக்கான ஒரு சிறு சர்க்கியூட்டிலேயே இந்தப் பருவம் முழுவதையும் கழிக்கிறார் என்றும், இப்போதே சாஃப்ட்வேர் கோர்ஸில் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம், அந்தச் சர்க்கியூட்டை அவர் அடி முதல் நுனி வரை புரிந்துகொண்டு முடிக்கட்டும்.

எடையை மின்னழுத்தமாக மாற்றும் உணரிதான் லோடு செல்; கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 2 மில்லிவோல்ட் தரும் லோடு செல்லுக்கு 10 வோல்ட் கொடுத்தால், முழு எடைக்கும் கிடைப்பது 20 மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்கும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயரில், எத்தனை மடங்கு என்பதை வெளியே இணைக்கும் ஒரே ரெசிஸ்டர் (மின்தடை) தீர்மானிக்கிறது. அவர் பயன்படுத்தும் ஏடி620 சிப்பில், 49.4 கிலோ ஓமை அந்த ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும்: 5.49 கிலோ ஓமுக்கு 10 மடங்கு, 499 ஓமுக்கு 100 மடங்கு.

சூத்திரத்தை எல்லா மாணவர்களும் ஒப்பிப்பார்கள். மடங்கை 10, 100 என்று மாற்ற, அந்த இரண்டு ரெசிஸ்டர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்கும்போதுதான் நேர்முகத் தேர்வில் பலர் தடுமாறுகிறார்கள். சிப் வடிவிலான அனலாக் ஸ்விட்ச் தன் பங்குக்கு 100 ஓமைச் சேர்த்தால், 10 மடங்கு 9.84 ஆகச் சற்றே குறையும்; 100 மடங்கோ ஏறத்தாழ 83 ஆகச் சரிந்துவிடும். ஸ்விட்ச் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குப் போகும் கணத்தில் இரண்டு ரெசிஸ்டர்களும் விடுபட்டால் மடங்கு ஒன்றாகிவிடும். ஒருசேர இணைந்தால் மடங்கு தேவைக்கு மேல் ஏறும். உங்கள் மகள் 5.49 கிலோ ஓமை நிரந்தரமாகச் சால்டர் செய்துவிட்டு, 100 மடங்கு தேவைப்படும்போது மட்டும் ஒரு ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வழியாக 549 ஓமை அதற்கு இணையாகச் சேர்க்கிறார். இரண்டும் சேர்ந்து 499 ஓம் ஆகிறது. ரிலே முனையின் தடை பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. இதைத் தானே யோசித்துச் செய்த மாணவியை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். ஜனவரிக் காலைக் குளிரிலும் டிரையர் ஓடும் அறையின் சூட்டிலும் மதிப்பு அதிகம் மாறாத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களையே வாங்க வேண்டும். கார்பன் ஃபிலிம் இதற்கு உதவாது. ஒவ்வொரு மடங்கிலும் கணக்கிட்டதையும் மீட்டரில் அளந்ததையும் ஒரே நோட்டில் அருகருகே எழுதி வைக்கட்டும். எடைக்கருவி நிறுவனங்களிலும் அளவுத்திருத்த ஆய்வகங்களிலும், இதே வகை ஆம்ப்ளிஃபயரை ஈசிஜிக்குப் பயன்படுத்தும் மருத்துவக் கருவித் துறையிலும், மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டையும் காட்டலாம்.

சாஃப்ட்வேர் ஆசை இருந்தால், அந்த ரிலேயை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சிப்புக்கான சி மொழியிலிருந்தே தொடங்கலாம்; அதற்குத் தனியாகப் பெரிய கட்டணம் கட்டத் தேவையில்லை.