படகு ஏசி மதியத்தில் நின்றுபோவது ஏன்?

கேள்வி: ராயபுரத்தில் இருந்து எழுதுகிறேன். துறைமுகத்துக்குள் ஓடும் ஒரு வேலைப் படகில் எஞ்சின் பார்க்கிறேன். கேபினில் ஒன்றரை டன் ஏசி, கடல் தண்ணீரில் குளிர்கிற வகை. காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் ஆனால் அடிக்கடி ட்ரிப் ஆகிறது. மெக்கானிக் 2 முறை கேஸ் ஏற்றினார், இப்போது முன்பைவிட மோசம். யூனிட்டையே மாற்றச் சொல்கிறார். மாற்றவா? இந்த வகை ஏசி குளிர்நாட்டுப் படகுகளில் ஹீட்டராகவும் ஓடுமாமே, எப்படி?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை, குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்; குறைந்திருக்கிறதா, கசிகிறதா என்று பார்க்காமல் மேலே மேலே ஏற்றினால் அளவுக்கு மிஞ்சி, பிரஷர் இன்னும் எகிறி, மெஷின் தன்னைக் காத்துக்கொள்ள ட்ரிப் ஆவது அதிகமாகத்தான் செய்யும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டு ஏசி தன் சூட்டை மொட்டை மாடிக் காற்றில் கொட்டுகிறது. படகில் அந்த வேலையைச் செய்வது கடல் தண்ணீர். அடியில் இருக்கும் வால்வு வழியாக ஏறி, வடிகட்டி, பம்ப், கேஸின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் கண்டென்சர் என்று போய்ப் பக்கவாட்டில் வெளியே விழுகிறது. நம் கடல் கோடையில் 30 டிகிரி இருக்கும், ஆகவே இங்கே தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் சூடு வெளியேறாமல் பிரஷர் ஏறி, மெஷின் தாங்காது; காலையில் சமாளித்துவிட்டு மதியச் சுமையில் படுத்துவிடும்.

ஒரு 10 லிட்டர் வாளியை வெளியே விழும் தண்ணீரில் பிடியுங்கள். ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் தேவை, உங்கள் ஒன்றரை டன்னுக்கு வாளி சுமார் 36 நொடிக்குள் நிரம்ப வேண்டும். நிரம்பவில்லை என்றால் முதல் சந்தேகம் வடிகட்டி மேல்தான். துறைமுகத் தண்ணீரில் பிளாஸ்டிக் பையும் ஜெல்லி மீனும் எப்போதும் உண்டு, மழைக்காலத்தில் கூவமும் அடையாறும் ஆகாயத்தாமரையை வேறு கொண்டுவந்து தள்ளும். வடிகட்டியைத் திறப்பதற்கு முன் அடி வால்வை மூடியே ஆக வேண்டும், மறந்தால் படகுக்குள் கடல் வந்துவிடும். மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள், அது தேய்ந்திருந்தால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். சமீபத்தில் படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்தீர்களா? அப்படியானால் ஹோஸில் காற்று அடைத்திருக்கலாம், பெரும்பாலான பம்புகளுக்கு அதைத் தாங்களாகத் தள்ளிவிடும் சக்தி கிடையாது. பம்பின் வெளிவாய் ஹோஸைத் தளர்த்தி, தண்ணீர் வரும்வரை காற்றை விடுங்கள்.

வாளி சரியாக நிரம்புகிறது, உள்ளே போகும் தண்ணீரைவிட வெளியே வருவது 5, 6 டிகிரிதான் கூடுதல், ஆனாலும் ட்ரிப் ஆகிறதா? அப்போது கண்டென்சர் குழாய்க்குள் உப்பும், ஒட்டி வளரும் கொட்டலசு என்ற சிறு கடல் உயிரியும் படிந்திருக்கும். வினிகரையோ தண்ணீரில் கரைத்த சிட்ரிக் ஆசிட்டையோ சிறு பம்ப் வைத்துச் சுற்றவிட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கழிவறை ஆசிட் வேண்டாம், அந்தக் குழாய் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். எல்லாம் முடிந்தபின், நல்ல மெக்கானிக்கை வைத்து, ஏற்றிய கேஸை முழுக்க இறக்கி, யூனிட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எடையளவுக்கே மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். ட்ரிப் ஆனதும் உடனே போடும் பழக்கமும் வேண்டாம், 5 நிமிடம் விட்டால்தான் உள்ளே பிரஷர் சமமாகும், இல்லையென்றால் கம்ப்ரஸர் கஷ்டப்படும்.

அப்புறம் ஹீட்டர் விஷயம். உள்ளே ஒரு வால்வு கேஸின் திசையை மாற்றிவிடும், அவ்வளவுதான். அப்போது மெஷின் கடலில் இருந்து சூட்டை எடுத்து கேபினுக்குக் கொண்டுவரும். கடல் 15 டிகிரி இருந்தால்கூட அதில் எடுப்பதற்குச் சூடு தாராளமாக இருக்கிறது. தண்ணீர் 4, 5 டிகிரிக்குக் கீழே போனால்தான் திணறும், குழாய்க்குள் பனி உறையும் அபாயமும் உண்டு. அந்த ஊர்களில் தனியாக டீசல் ஹீட்டர் வைத்துக்கொள்கிறார்கள், அதன் புகைக்குழாய் படகுக்கு வெளியே போக வேண்டும், படுக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். நம் துறைமுகத்தில் உங்களுக்கு அந்தத் தேவை வராது. நாளை காலை வாளியை எடுத்துக்கொண்டு போங்கள், எத்தனை நொடி ஆனது என்று எழுதுங்கள்.